குறுமுனியின் மலையில் இரண்டு இரவுகள்

மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில், தமிழகமும் கேரளமும் எல்லை பகிர்ந்துகொள்ளும் இடத்தில், 1,868 மீட்டர் உயரத்தில் எழுந்து நிற்கிறது அகத்தியர் மலை. தமிழகத்தார் அதனைப் பொதிகை என்று போற்றுகின்றனர். கேரளத்தார் அகஸ்தியார்கூடம் என்று அழைக்கின்றனர். கிரேக்க நிலநூலறிஞர் தாலமி தம் நூலில் குறித்த ‘பெட்டிகோ’ என்னும் மலை இதுவே என்பது ஆய்வாளர் கருத்து. தென்றலுக்கும் சந்தனத்துக்கும் செந்தமிழுக்கும் பிறப்பிடமாகப் புலவர்கள் பாடிய மலை இது.

கயிலையில் சிவபெருமானுக்கும் உமையம்மைக்கும் திருமணம் நிகழ்ந்தபோது தேவரும் முனிவரும் வடக்கே திரண்டதால் பூமி அப்பக்கம் தாழ்ந்தது. அதனைச் சமன் செய்யும் பொருட்டு இறைவன் அகத்தியரைத் தெற்கே அனுப்பினார் என்னும் புராண வரலாற்றை அறியாத அன்பர் இலர். அவ்வாறு வந்த குறுமுனி நிலைபெற்ற இடமே பொதிகை. திருமணக் கோலத்தைக் காணும் பேற்றை இழந்து வந்தவருக்கு அக்கோலத்தை இறைவன் இங்கேயே காட்டியருளினான் என்பர். உலகமெல்லாம் ஒருபுறம் கூடிய வேளையில், தம் ஆசையை அடக்கிக்கொண்டு மறுபுறம் சென்றவர் அவர். அவருடைய மலைக்குச் செல்வோரிடமும் அத்தகைய அடக்கத்தையே அந்த மலை எதிர்பார்க்கிறது.

மலைக்குச் செல்லும் வழி

முற்காலத்தில் தமிழக அன்பர்கள் பாபநாசம், காரையாறு வழியாகக் காட்டுக்குள் புகுந்து பொதிகையை அடைந்தனர். அந்த வனப்பகுதி இன்று களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் அடங்கியுள்ளது. அவ்வழியே மலையேற அனுமதி இல்லை. ஆகவே இப்போது நடைபெறும் யாத்திரை கேரளப் பக்கத்திலிருந்து, அம்மாநில வனத்துறையின் மேற்பார்வையில் நிகழ்கிறது. திருவனந்தபுரத்திலிருந்து விதுரா வழியாகச் சுமார் 60 கிலோமீட்டர் சென்றால் போணக்காடு என்னும் பழைய தேயிலைத் தோட்டம் வரும். ஆங்கிலேயர் காலத்துத் தேயிலைத் தொழிற்சாலை செயலிழந்து நிற்கும் அந்தச் சிற்றூரே யாத்திரையின் தொடக்கம்.

மகரசங்கராந்தியை ஒட்டித் தொடங்கும் யாத்திரைக் காலம் மகாசிவராத்திரியை ஒட்டி நிறைவடைவது நெடுநாள் வழக்கம். நாளொன்றுக்கு ஏறத்தாழ நூறு பேர் மட்டுமே அனுமதிக்கப்படுவர். முன்பதிவு கட்டாயம். பதினான்கு வயது நிரம்பாத சிறுவருக்கு அனுமதி இல்லை. அண்மை ஆண்டுகளில் மருத்துவச் சான்றும் கேட்கப்படுகிறது. போணக்காட்டில் வனத்துறையினர் ஒவ்வொருவருடைய மூட்டையையும் அவிழ்த்துப் பார்ப்பர். நெகிழிப் பைகள், மது, புகையிலை ஆகியவை அங்கேயே நின்றுவிடும். பக்தர் பலரைத் திகைக்க வைப்பது அடுத்த விதி: பூசைப் பொருட்களும் மலைக்கு வரக்கூடாது.

போணக்காட்டிலிருந்து சிகரம்வரை நடை சுமார் 20 கிலோமீட்டர். போக வர மூன்று பகலும் இரண்டு இரவும் ஆகும். வனக் காவலரும், அக்காட்டின் பூர்வகுடிகளான காணி மக்களும் வழிகாட்டிகளாக உடன் வருவர். முதல் சில மணி நேரம் பாதை நிழலாகவே செல்கிறது. கரமனையாறு முதலிய ஓடைகள் குறுக்கிடும் இடங்களில் யாத்ரீகர்கள் இளைப்பாறித் தண்ணீர் நிரப்பிக்கொள்கின்றனர். திருவனந்தபுரத்துக்கு நீர் தரும் ஆறு இங்கே சிற்றோடையாகப் பாறைகளின் மேல் தாவிச் செல்கிறது.

பின்னர் காடு சட்டென விலகிப் புல்வெளி விரியும். நிழல் தர ஒரு மரமும் இல்லாத இச்சரிவை உச்சிவெயிலுக்கு முன் கடப்பது நல்லது. அதன்பின் வருவது செங்குத்தான ஏற்றம். ‘முட்டிடிச்சான் தேரி’ என்று அதற்குப் பெயர். ஏறுகையில் முழங்கால் முகவாயில் இடிக்கும் என்று பொருள்படும் அப்பெயரை வைத்தவர் ஏறிப் பார்த்தே வைத்திருக்க வேண்டும்! மீண்டும் பசுமை மாறாக் காடு சூழ்ந்து, ஈரமண்ணின் மணமும் சில்லென்ற காற்றும் முகத்தில் படும்போது, மாலையில் முகாம் கண்ணுக்குத் தெரிகிறது. அதுவே அதிருமலை.

அகழிக்குள் உறங்கும் மனிதர்

அதிருமலை முகாமில் ஆடம்பரம் ஏதும் இல்லை. எளிய கொட்டகைகள், தரையில் விரிக்கப் பாய், சமையற்கூடத்தில் சூடான கஞ்சியும் பயறும். இவ்வளவே வசதிகள். நாள் முழுதும் நடந்து வந்தவருக்கு அந்தக் கஞ்சியின் சுவை எந்த விருந்திலும் கிட்டாது. அருகிலுள்ள ஓடையின் நீர் பனிபோல் குளிர்ந்திருக்கும். இருள் கவிந்ததும் காற்று வலுக்கிறது. கம்பளியும் காதை மூடும் துணியும் இல்லாதவர் பாடு திண்டாட்டமே. மழை தூறிவிட்டால் அட்டைகள் புறப்பட்டுவிடும்.

முகாமைச் சுற்றி ஆழமான அகழி வெட்டப்பட்டிருக்கிறது. யானைகள் உள்ளே வராமலிருக்கச் செய்த ஏற்பாடு அது. ஊர்ப்புறங்களில் விலங்குகளை வேலியிட்டு அடைப்பது மனிதர் வழக்கம். இங்கே அகழிக்குள் அடங்கியிருப்பவர் மனிதர். வெளியே தம் விருப்பம்போல் உலவுபவை யானையும் காட்டெருமையும் சிறுத்தையும். இருட்டியபின் அகழியைத் தாண்ட எவருக்கும் அனுமதி இல்லை. இந்தக் காட்டில் தாம் விருந்தினர் என்பதை உணர்ந்துகொள்ள இவ்வோர் இரவு போதும்.

வானம் தெளிந்திருந்தால் அன்றிரவு மற்றொரு தரிசனமும் வாய்க்கும. சனவரி, பிப்ரவரி மாதங்களின் முன்னிரவில், மரமும் மலையும் மறைக்காத தென்வானில் ஒரு விண்மீன் நிலைத்த ஒளியுடன் தோன்றும். இரவு வானில் சிரியஸுக்கு அடுத்தபடியாகப் பேரொளி வீசும் அவ்விண்மீனுக்கு மேலைநாட்டார் வைத்த பெயர் கனோபஸ். நம் முன்னோர் வைத்த பெயர் அகத்தியர். கார்காலத்தில் கலங்கிய நீர்நிலைகள் அகத்திய மீனின் உதயத்துக்குப்பின் தெளியும் என்பது பழைய சோதிட நூல்களின் கொள்கை; வராகமிகிரர் தம் பிருகத் சம்ஹிதையில் இதற்கென ஓர் அத்தியாயமே வகுத்துள்ளார். நீரைத் தெளிவிப்பவர் என்ற அப்பெருமை, ஆற்றின் பிறப்பிடத்தில் படுத்து அந்த மீனை நோக்குவோருக்கு ஆழ்ந்த பொருள் தருவது.

காணி மக்களின் முதியவர்

அகத்தியரைத் தம் குலத்தின் மூத்தவராகக் கொண்டாடுபவர் காணி மக்கள். தமிழும் மலையாளமும் கலந்த மொழி அவர்களுடையது. கேரளப் பக்கத்தில் மட்டுமன்றித் தமிழகப் பக்கத்தில் காரையாற்றை அடுத்த மயிலாறு, இஞ்சிக்குழி முதலிய இடங்களிலும் அவர்களுடைய குடியிருப்புகள் உள்ளன. அவர்களுடைய மூலிகை அறிவு உலகம் அறிந்தது. 1987-ஆம் ஆண்டில் இக்காட்டுக்கு ஆய்வுக்கு வந்த அறிவியலாளர்கள், உடன் வந்த காணி இளைஞர்கள் களைப்பே இன்றி நடப்பதைக் கண்டு வியந்தனர். அவர்கள் அவ்வப்போது வாயிலிட்டுக்கொண்ட ஒரு சிறு காயே அதன் இரகசியம். ஆரோக்கியப்பச்சை என்னும் அச்செடியைக் கொண்டு, பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம் ‘ஜீவனி’ என்னும் மருந்தை உருவாக்கியது. அதன் உரிமத் தொகையில் பாதியைக் காணி மக்களுக்கே தர முடிவு செய்து, அதற்கென 1997-இல் ஓர் அறக்கட்டளையும் அமைக்கப்பட்டது. பழங்குடியினரின் அறிவுக்கு உரிய பங்கை அளித்த முன்னோடி முயற்சியாக இன்றும் பல நாடுகளில் இது எடுத்துக்காட்டப்படுகிறது.

மலையேற்றத்தில் பெண்களை அனுமதிப்பது குறித்து எழுந்த வழக்கில், பாலின வேறுபாடு கூடாது என 2018-இல் கேரள உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்படி 2019 சனவரியில் பெண்களும் சிகரம் ஏறத் தொடங்கினர். தம் மரபு மாறுகிறதே என வருந்திய காணி மக்கள், எவரையும் வழிமறிக்காமல், போணக்காட்டில் அமர்ந்து நாமசெபம் செய்து தம் மனக்குறையை வெளியிட்டனர். உலோபாமுத்திரை அம்மையைத் துணைவியாகக் கொண்ட முனிவரின் மலைக்குப் பெண்கள் வருவது தகும் என்பார் ஒருபுறம். காட்டைக் காத்து வந்தவர்களின் உள்ளம் நோகலாகாது என்பார் மறுபுறம். இரு தரப்பிலும் பக்தியே பேசுகிறது. கடுஞ்சொல்லும் கைகலப்பும் இன்றி அந்த நாள் கழிந்தது முனிவரின் அருளே எனலாம்.

கூரையில்லாக் கோயில்

இரண்டாம் நாள் விடியலில் சிகர யாத்திரை தொடங்குகிறது. ஐந்தாறு கிலோமீட்டர்தான், ஆயினும் முதல் நாளைவிடக் கடினம். அடர்ந்த காட்டையும் சிறுமூங்கில் புதர்களையும் கடந்தால் பொங்காலைப்பாறை. காணி மக்கள் பொங்கலிட்டு வழிபட்ட இடம் ஆதலின் அப்பெயர். அதற்குமேல் காற்றின் வேகத்தால் மரங்கள் வளர்ச்சி குன்றி, ஆளுயரத்தில் வளைந்து நிற்கின்றன. இறுதிப் பகுதி வெறும் பாறை. கட்டியிருக்கும் வடக்கயிற்றைப் பற்றிக்கொண்டு ஏறவேண்டும். பாறை ஈரமாகவோ மூடுபனி அடர்ந்தோ இருந்தால் வழிகாட்டிகள் தடுத்துவிடுவர். அவர்கள் சொல் கேட்பதே அறிவுடைமை.

உச்சியில் குட்டை மரங்களின் நடுவே, கூரையோ கோபுரமோ இல்லாத திறந்த வெளியில், அகத்தியப் பெருமானின் சிலை நிற்கிறது. மேகம் வந்து மூடும். சற்று நேரத்தில் விலகும். விலகும்போது ஒருபுறம் கேரளத்தின் நீர்த்தேக்கங்களும் மறுபுறம் பாண்டிநாட்டுச் சமவெளியும் தெரியும். 1855-ஆம் ஆண்டில் திருவனந்தபுரம் வானிலை நோக்ககத்தின் இயக்குநர் ஜான் ஆலன் பிரௌன் என்பவர் இம்மலை உச்சியில் ஆய்வுக்கூடம் அமைத்துப் புவியின் காந்த விசையை அளந்தார். பூமியின் சமநிலையைக் காக்க முனிவர் வந்து நின்றதாகப் புராணம் கூறும் அதே மலையைப் பூமியின் விசையை அளக்க அறிவியலாளரும் தேர்ந்தெடுத்தது வியப்புக்குரியது.

இவ்வளவு பாடுபட்டு ஏறி வந்த அன்பர் இங்கே கைகூப்பி நிற்கிறார். கையில் கற்பூரம் இல்லை, பாலும் பன்னீரும் இல்லை, மாலை இல்லை. இத்தனை தொலைவு வந்தும் ஓர் ஆரத்தி காட்ட முடியவில்லையே என்று மனம் கலங்குவோர் உண்டு. தமிழகத்திலிருந்து செல்லும் பக்தர்களுக்கு இது பெருங்குறையாகவே தோன்றுகிறது. ஆலயத்தில் அபிடேகமும் தீபமும் கண்டு பழகிய கண்களுக்கு அக்குறை இயல்பானதே.

ஆயினும் அவ்விதியின் காரணத்தை எண்ணிப் பார்க்கவேண்டும். யாத்திரை நடைபெறும் மாதங்களில் புல் காய்ந்து கிடக்கிறது. ஒரு கற்பூரத்துண்டின் நெருப்பு காற்றில் பறந்தால் மலைச்சரிவே எரியும். நெய்யும் பாலும் பழமும் வனவிலங்குகளைச் சிகரத்துக்கு ஈர்க்கும். அவை சுற்றி வரும் உறைகளை விலங்குகள் விழுங்கும். யுனெஸ்கோ 2016-இல் உயிர்க்கோளக் காப்பகங்களின் உலகப் பட்டியலில் சேர்த்த அகத்தியமலைக் காப்பகத்தில் 2,254 வகை உயர்நிலைத் தாவரங்கள் உள்ளன. அவற்றுள் ஏறத்தாழ 400 இப்பகுதிக்கே உரியவை. மூலிகை வளத்தாலேயே சித்த மருத்துவத்தின் முதல்வராக அகத்தியரை வணங்குகிறோம். அம்மூலிகைகள் அழியாமல் நிற்பதே அவருக்கு உகந்த அருச்சனை ஆகும். அங்கே வெறுங்கையுடன் வணங்கித் திரும்புபவர் பூசையில் எதையும் குறைத்துவிடவில்லை.

மலையில் பிறந்து கடலில் கலப்பது

இதன் பயன் மலையோடு முடிவதில்லை. பொதிகையில் பெய்யும் மழை, காட்டின் தரையில் மெத்தைபோல் படிந்த இலைச் சருகிலும் வேர்களின் நடுவிலும் ஊறித் தங்குகிறது. மழை ஓய்ந்த மாதங்களிலும் அது சிறுகச் சிறுகக் கசிந்து ஓடையாகிறது. அந்த ஓடைகள் சேர்ந்ததே தாமிரபரணி. பூங்குளத்தில் பிறந்து, பாணதீர்த்த அருவியாக வீழ்ந்து, பாபநாசத்தில் சமவெளியைத் தொட்டு, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களை வளப்படுத்தி, புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கிறது. அகத்தியரின் கமண்டலத்திலிருந்து பிறந்த நதி என்று புராணம் கூறும். காட்டின் ஈரத்தை அறிந்தவர்க்கு அக்கூற்று உவமையாகவும் உண்மையாகவும் விளங்கும்.

அகத்தியரின் சீடரான உரோமச முனிவர், குருவின் அறிவுரைப்படி ஒன்பது மலர்களைத் தாமிரபரணியில் மிதக்கவிட்டார். அவை கரை ஒதுங்கிய ஒன்பது இடங்களே நவகைலாயத் தலங்கள். பாபநாசத்தில் தொடங்கிச் சேர்ந்தபூமங்கலத்தில் நிறைவடையும் அத்தலங்களைப் பலர் தரிசித்திருப்பர். முனிவர் ஆற்றில் இட்டவை மலர்கள். இன்று பாபநாசப் படித்துறையில் பரிகாரம் என்ற பெயரில் உடுத்த ஆடைகளை ஆற்றில் விட்டுச் செல்கின்றனர். நீரடியில் துணிகள் குவிந்து, நீராடுவோர் காலைச் சுற்றுகின்றன, மீன்களுக்கும் கேடாகின்றன. சொரிமுத்து அய்யனார் கோயிலின் ஆடி அமாவாசைத் திருவிழாவுக்குக் குடும்பம் குடும்பமாகக் காட்டில் குடில் அமைத்துப் பல நாள் தங்குவது நெல்லைச் சீமையின் அரிய மரபு. அக்குடில்களை விட்டுப் புறப்படும்போது நெகிழிக் குப்பையும் ஆற்றங்கரையில் தங்கிவிட்டதால்தான் அங்கும் கட்டுப்பாடுகள் வந்தன. பக்தியோடு வந்தவர்களின் கையாலேயே முனிவரின் நதி மாசுபடுவது எவ்வளவு துயரமானது!

அதிருமலையின் அகழிக்குள் தங்குவோர் தம் குப்பையைத் தாமே சுமந்து மலையிறங்குகின்றனர். அவ்வொழுக்கம் கீழே சமவெளியிலும் தொடருமானால், வற்றாத அந்த நதி தெளிவாகவும் ஓடும்.

மூத்த அன்பர்களுக்கு

மூட்டுவலியும் மூச்சிரைப்பும் உடைய முதியோர் அகத்தியர் மலை ஏற எண்ணுதல் வேண்டா. இளமையும் உடல்வலிமையும் உடையோரே அதற்கு உரியவர். பாபநாசம் பாபநாசநாதரையும் உலகாம்பிகையையும் வணங்கி, வாய்ப்புள்ளோர் மேலே அகத்தியர் அருவியும் கல்யாண தீர்த்தமும் கண்டு வரலாம். முனிவருக்கு இறைவன் மணக்கோலம் காட்டிய இடம் அதுவே என்பது தலவரலாறு. பெருவெள்ளக் காலத்திலும் வனத்துறை தடைவிதித்த நாட்களிலும் அங்குச் செல்வதைத் தவிர்க்கவேண்டும்.

படித்துறையில் இறங்கும் பாட்டனாரும் பாட்டியாரும் உடுத்த துணியைப் பிழிந்து பையில் வைத்துக்கொண்டு கரையேறினால், உடன் வந்த பேரக்குழந்தைகள் அதனைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும். வீட்டிலிருந்து ஒரு துணிப்பையும் செம்பும் கொண்டு சென்றால் போதும். வேண்டுதல் இருப்பின் ஒற்றை மலரை நீரில் இட்டு வணங்கலாம். உரோமச முனிவர் காட்டிய வழி அது. மேற்கே நோக்கி நின்று, மேகம் மூடிய அந்த மலையைக் கும்பிட்டால், குறுமுனி அங்கிருந்தே அருள்புரிவார்.